பிணமாகக் கிடந்த எஜமான்

அப்போதெல்லாம் ஏதென்ஸ் நாடகத்தில் ஒரே நடிகன்தான். இன்னொருவன் வாயைத் திறந்தால், சிறந்த நாடகத்துக்குத் தரும் பரிசு ஆடு போச்சு. அடிமைக்கு விடுதலை தருவதையும் அதே மேடையில்தான் அறிவிப்பார்கள். எஜமான் மறுக்காவிட்டால் அது செல்லும்.

நாடகம் போடும் பணக்காரன் மெலாந்தஸ், தன் அடிமை நடிகன் மானேஸை அதட்டினான். “ராஜா செத்துக் கிடக்கணும், ராணி அழணும். ரெண்டு பேரும் மேடையில தெரியணும். இல்லேன்னா உனக்குச் சுரங்க வேலைதான்டா!”

“பிணம்தான் பேசாதுங்களே, எஜமான். ராஜாவா நீங்களே படுத்துடுங்க. அந்தக் களை வேற யாருக்கு வரும்?”

மெலாந்தஸ் பூரித்துப்போய்ப் படுத்தான். ஊரே திரண்டிருந்தது. ராணி முகமூடி போட்டு மானேஸ் ஒப்பாரி வைத்தான்.

“என் ராசாவே! மானேஸுக்கு விடுதலைன்னு நீ சொன்னது பொய்யா? பொய்யின்னா வாயைத் திறந்து சொல்லு!”

பிணம் பல்லைக் கடித்தது. பேசவில்லை.

“விடுதலை! நாங்க சாட்சி!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

பரிசும் கிடைத்தது. மானேஸ் ஆட்டுக் கயிற்றை மெலாந்தஸ் கையில் திணித்தான்.

“ஆட்டை நீ வச்சுக்கோ, மெலாந்தஸ். நான் ஊருக்குப் போறேன்.”