இரண்டு கணு குறைவு

“மூணாவது டிரைவரையும் இன்னிக்கு அனுப்பிடறேன் பாய். ஆக்சில் ஆயில் நிக்கவே மாட்டேங்குது. எவனை வெச்சுத்தான் வண்டி ஓட்டறது?”

செங்கோடன் கேட்டது மெக்கானிக் சிக்கந்தரிடம். இடம், சங்ககிரியில் செங்கோடனின் லாரி ஷெட். கிளீனராக வந்து, பேரம் பேசும் வாயை வைத்தே நாலு லாரிக்கு முதலாளி ஆனவர். சிக்கந்தர் அவரைவிட இருபது வயது சின்னவர். ஆனால் அவசரப்படாத ஆள். அதுவே செங்கோடனுக்கு எரிச்சல்.

மூன்றாவது டிரைவர் அங்கப்பன், துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான்.

“எப்படிப் பார்த்தீங்க?” என்றார் சிக்கந்தர்.

“ஆக்சில் பிளக்கைக் கழட்டி விரலை விட்டுத்தான். ஓட்டை விளிம்புல ஆயில் தட்டணும். ரெண்டு கணு உள்ள போனாத்தான் தட்டுது. நானே விளிம்பு வரைக்கும் ஊத்தி அனுப்பறேன். திரும்பி வந்தா மறுபடி ரெண்டு கணு குறைவு.”

“வீல் பக்கம் கசியுதா?”

“கசியுது. இவனுக ஓட்டற லட்சணம்.”

“பெட்ரோல் பங்க்ல நிறுத்திப் பார்த்தேனுங்க,” என்றான் அங்கப்பன். “நிறையத்தான் இருந்துச்சு.”

“பங்க்ல இருந்தது ஷெட்டுக்கு வர்றதுக்குள்ள ஆவியாப் போச்சாக்கும். ஆயிலும் மட்டம், ஆளும் மட்டம்.”

அங்கப்பன் குனிந்து பையின் வாயைக் கட்டினான்.

சிக்கந்தர் லாரிக்கு அடியில் போய் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு கணு. பிளக்கை மாட்டிவிட்டு வந்தார்.

“அங்கப்பண்ணே, வண்டிய வெளிய எடுத்துத் திருப்பி, ரிவர்ஸ்ல உள்ள விடுங்க.”

“அவன் எதுக்கு? வேற ஆளைக் கூப்பிடறேன்.”

“அவரே ஓட்டட்டும்.”

எப்போதும் சுவரைப் பார்த்து நிற்கும் லாரி, வாசலைப் பார்த்து நின்றது.

“இனி அரை மணி நேரம்.”

“எதுக்கு?”

“ஆயில் அடங்கணும்.”

“பத்து நிமிஷம்.”

“எனக்குச் சரிண்ணே. ஆயில்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிடுங்க.”

அரை மணி நேரம் ஆனது.

“நீங்களே கழட்டுங்க.”

செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்தார். பிளக் கடைசிப் புரியை விடுவதற்குள் ஆயில் பாய்ந்து முழங்கை வரை வழிந்தது.

“யாரு ஊத்தினது?” என்றார் உள்ளிருந்தே.

“யாரும் ஊத்தல.”

படுத்தபடியே செங்கோடன் தலையைத் திருப்பினார். கன்னம் தரையில் பட்டது.

சுவரோரச் சாக்கடைக்கு மழைத்தண்ணீர் ஓட வேண்டுமென்று, அவரே பக்கத்தில் நின்று கொத்தனாரைத் திட்டித் திட்டிச் சரிவாகப் போட வைத்த தரை.

இத்தனை நாளும் லாரியின் மூக்கு பள்ளத்தில். ஆக்சிலுக்குள் ஆயில் முன்பக்கம் ஓடிவிடும். பிளக் ஓட்டை பின்பக்கம். குறைகிறது, குறைகிறது என்று ஊற்றியிருக்கிறார். ரோட்டில் ஏறியதும் அதிகமானதை வண்டி வீல் சீல் வழியாகக் கக்கியிருக்கிறது.

பிளக்கை மாட்டிவிட்டு வெளியே வந்தார். கையைத் துடைக்கவில்லை.

“தரையை உடைச்சுச் சமமாப் போட்டுடறேன். நாளைக்கே.”

“போடலாம். இப்ப வண்டிய பங்க்குக்குக் கொண்டுபோய், அங்க சமதரையில நிறுத்தி அளவைச் சரி பார்க்கணும்.”

“பார்த்துடுவோம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

“யாரை?”

செங்கோடன் திரும்பிப் பார்த்தார். அங்கப்பன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி, பஸ் வரும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்.

பேரத்தில் எழுந்து போகிறவனைக் கூப்பிட்டால் தோற்றோம் என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் செங்கோடன் ஒருத்தரையும் கூப்பிட்டதில்லை. முன்னால் போன இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டதில்லை.

“டேய் அங்கப்பா.”

அவன் திரும்பவில்லை.

செங்கோடன் ரோட்டுக்கே வந்துவிட்டார்.

“அங்கப்பா,” என்றார். “நில்லுங்க.”