பரிதி கேட்ட கம்ப்யூட்டர்

“கம்ப்யூட்டர் முடிஞ்சிருச்சு டீச்சர். ஆனா பையன் வந்து பார்க்க மாட்டேங்கிறான்.”

கேபினெட்டை மேசைமேல் இறக்கி வைத்துவிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார் தெய்வநாயகம்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட ஜெயினம்புக்கு அவரைவிட வயது குறைவு. திருச்சியில் ஒரு மாடிக் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர். கூலி கொடுக்க மனசு வராமல் அவரிடமே வேலையைக் கற்றுக்கொண்டவர் தெய்வநாயகம். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். கைகட்டி நிற்காத குறைதான்.

“பரிதி எப்பண்ணே இதைக் கேட்டான்?”

“பத்தாவது படிக்கிறப்ப.”

“இப்ப?”

“ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான்.”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் சும்மா இருக்கலையே டீச்சர். விலை இறங்கட்டும்னுதான் பொறுத்தேன்.”

பொறுத்தார் என்பது உண்மை. மனுஷனுக்கு அதில் ஒரு ருசியே உண்டு. தீபாவளித் தள்ளுபடியில் மதர்போர்டு வாங்கினார். புது மாடல் வந்தால் பழைய பிராசசர் மலிவாகும் என்று காத்திருந்தார். மலிவானது. அதற்குள் மனசு மாறி, புது மாடலையே வாங்கினார். அது அந்த போர்டில் உட்காரவில்லை. போர்டை விற்றுவிட்டு வேறு போர்டுக்குக் காத்திருந்தார். பிறகு ராம் மெமரி விலை ஏறியது. அதற்கும் காத்திருந்தார்.

ஆரம்பத்தில் பையன் அந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். “எப்பப்பா?” என்பான். “அடுத்த மாசம்டா” என்பார் இவர்.

ஒருநாள் அவன் கேட்பதை விட்டுவிட்டான். தொல்லை விட்டது என்று அன்றைக்கு இவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

“நல்ல சிஸ்டம் டீச்சர். இந்தக் காசுக்கு ஊர்ல யாராலயும் அசெம்பிள் பண்ண முடியாது. இதுல என்ன குறை, நீங்களே சொல்லுங்க.”

டீச்சர் கடை மானிட்டரின் வயரை அதில் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது.

“குறை ஒண்ணும் இல்லண்ணே. நல்லாப் பண்ணியிருக்கீங்க.”

கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

“பரிதி எதுக்குக் கேட்டானோ, அதைப் போட்டுக் காட்டுங்க.”

தெய்வநாயகம் கீபோர்டின் மேல் விரல்களை வைத்தார்.

பாட்டு சேர்க்கவா? படம் வரையவா? என்னவோ சொன்னானே. சோறு தின்றுகொண்டே, கையை ஆட்டி ஆட்டி, என்னவோ சொன்னான். எந்தப் பொருளை எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பையன் சொன்னது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கே காதில் வாங்கினோமா என்பதே சந்தேகமாக இருந்தது.

வெட்கமாகப் போயிற்று. டீச்சர் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தார்.

“பரிதி, அப்பா பேசுறேன்டா. ஒண்ணு கேக்கணும். அப்ப நீ எதுக்குடா கம்ப்யூட்டர் கேட்ட?”

அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

“ஞாபகம் இல்லப்பா” என்றான் பரிதி.