மேடு ஏறாத வண்டி

பூந்தோட்டங்களுக்கும் மலைக்கும் நடுவே போகும் சாலையில் சகாயராணியின் பைக் பட்டறை இருந்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. அடுப்பில் பால் பொங்கினால் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடுவாள். அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலேயே போல்ட்டைப் பிடிப்பாள். வயது முப்பத்து மூன்று.

அவளிடம் தொழில் பழகிய தவமணிக்கு நாற்பத்தெட்டு. இருபது வருஷம் லாரி ஓட்டியவர். கண் பார்வை மங்கி லாரி லைசென்ஸ் போனபின் பட்டறைக்கு வந்தார். அவர் அவளை வாத்தியாரம்மா என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

முதல் வாரம் ஊர் சிரித்தது.

"என்ன தவமணி, பள்ளிக்கூடத்துல சேந்துட்டியாமே? சிலேட்டு வாங்கியாச்சா?"

"இந்த வாத்தியாரம்மா அடிக்க மாட்டாங்க. அதான் சேந்தேன்" என்பார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. சைலன்சர் மாற்றிய எந்த வண்டியும் மேடு ஏறாமல் சொந்தக்காரர் கைக்குப் போகக் கூடாது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாகப் போட வேண்டும். வண்டியை மலை ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் ஏற்ற வேண்டும். உச்சியில் கிளட்சைப் பிடித்து, அப்படியே ஆஃப் செய்து, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

"காப்பித்தூள் நிறமா இருந்தா வண்டியைக் குடுங்க" என்று சொல்லியிருந்தாள். "கரியா இருந்தா பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்பா இருந்தா பெட்ரோல் பத்தல."

"இங்கேயே நிக்க வச்சு முறுக்கிப் பாத்தா தெரியாதா வாத்தியாரம்மா?"

"சும்மா உக்காந்திருக்கவனுக்கு மூச்சு வாங்குமா அண்ணாச்சி?"

தவமணி தலையாட்டினார். அன்றைக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று சகாயராணி போயிருந்த ஒரு காலையில் ஜெபசிங் வந்தான். தினமும் மல்லிகைப்பூ மூட்டையை மலைக்கு அந்தப்பக்கச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. கையில் புது சைலன்சர், பளபளவென்று.

"அண்ணாச்சி, இதை மாட்டுங்க. நான் வந்தா ஊரே திரும்பிப் பாக்கணும்."

"உன்னையா, சைலன்சரையா?"

"என்னை என் பொண்டாட்டியே திரும்பிப் பாக்க மாட்டா. சைலன்சரையாவது பாக்கட்டும்."

தவமணி மாட்டினார். ஸ்குரூவைத் திருப்பி, நின்றபடியே வண்டி அணையாமல் ஓடும்படி ஸ்லோ வைத்தார். வண்டி இடிபோல் முழங்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டால் டப் டப் என்று வெடித்தது. ஜெபசிங் கைதட்டினான்.

"இந்த வெடிச் சத்தம் மட்டும் போயிடக் கூடாது அண்ணாச்சி."

"ஜெட் மாத்தணும். மேட்டுல ஒரு தடவை ஏத்திப் பாக்கணும்."

"பத்து மணிக்கு ஏலம். பூ வாடிப்போவும்."

தவமணி மூட்டையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். போகிற வழியில்தானே மேடு இருக்கிறது, அவனே ஏற்றிவிடுவான், திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"சரி, போயிட்டு வா" என்றார்.

அவன் திரும்பி வரவில்லை. ஏற்றத்தில் பாதி தூரத்தில் வண்டி சட்டென்று நின்றுவிட்டது. பின்னால் செங்கல் லாரி.

இருபது நாள் கழித்து வண்டி பட்டறைக்கு வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எல்லாம் முடிந்து, வீட்டில் வைத்துக்கொள்ள மனசில்லாமல், அவன் வீட்டார் ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார்கள். அதிவேகம் என்று எழுதியாகிவிட்டது. லாரி டிரைவரும் அப்படித்தான் சொன்னான். அவன் கேட்டது சத்தத்தை. சத்தத்தை வைத்து வேகத்தைச் சொன்னான். ஊரும் அதையே சொன்னது. புது சைலன்சர் மாட்டின கிறுக்கில் முறுக்கியிருப்பான்.

"நாளைக்குக் காலையில ஜெபசிங் பொண்டாட்டி வாரேன்னு சொல்லியிருக்கு" என்றாள் சகாயராணி. "வண்டியை என்ன செய்யணும்னு பேசுததுக்கு."

மறுநாள் அவள் கதவைத் திறக்கும் முன்பே தவமணி வந்துவிட்டார். வாசலில் நின்ற ஜெபசிங் வண்டி முன்னால் குத்தவைத்து, அதன் பிளக்கைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பால்பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. பழைய சாமான் டப்பாவில் துழாவி, காப்பித்தூள் நிறத்தில் ஒரு பிளக்கை எடுத்தார்.

கதவு திறந்தது. சகாயராணி அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"எது இந்த வண்டியோடது?"

தவமணி இடது கையை விரித்தார்.

"அப்ப மத்தது?"

அவர் அந்தப் பிளக்கை டப்பாவில் போட்டார். பிறகு கேட்டார்.

"நான்தான் காரணமா வாத்தியாரம்மா? லாரிக்காரன் இடிச்சான். அவசரப்பட்டது ஜெபசிங்கு. சைலன்சரும் அவன் வாங்கினது. எங்கிட்ட எவ்வளவு தப்பு இருக்கு, சொல்லுங்க."

அவள் உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மாவு சுர்ரென்று கல்லில் விழுந்தது. பிறகு கரண்டியால் சுரண்டும் சத்தம். நெடுநேரம் சுரண்டினாள். கருகல் வாடை பட்டறை வரை வந்தது.

தட்டோடு வந்து டூல்பாக்ஸ் மேல் வைத்தாள். தட்டில் இருந்ததைத் தோசை என்று சொல்ல முடியாது. துண்டு துண்டாக, அடி கரிந்து, மேலே பச்சை மாவாக இருந்தது.

"சாப்பிடுங்க."

"கல்லு கெட்டுப்போச்சா?"

"நல்ல கல்லு. எங்க அம்மா குடுத்தது."

"மாவு?"

"நேத்து ஆட்டினது."

"பொறவு?"

"எண்ணெய் விடல."

தவமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை அதைத் தொடவில்லை.

ஜெபசிங்கின் மனைவி ஜெசிந்தா வரும்போது வெயில் ஏறிவிட்டது. செருப்பை வாசலிலேயே விட்டாள். பட்டறைக்குள் யாரும் செருப்பை விட்டுவிட்டு வருவதில்லை. சகாயராணி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"வண்டியை வித்துருங்க அக்கா. என்ன வந்தாலும் சரி."

"சரிம்மா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." வண்டியைப் பார்க்காமல் கேட்டாள். "வேகமாப் போயித்தான் செத்தாருன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எங்க மாமனாரு கல்லறைக்குக்கூட வரல. கொழுப்பெடுத்துச் செத்தவனுக்கு நான் ஏன் அழணும்னு சொல்லிட்டாரு. நிசமாவே வேகமாப் போனாரா? வண்டியைப் பாத்தா உங்களுக்குத் தெரியுமாமே."

சகாயராணி தவமணி பக்கம் திரும்பவில்லை. கீழே கிடந்த கந்தல் துணியை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடியும் மடித்தாள்.

சாலையில் ஒரு பஸ் போனது.

தவமணி எழுந்தார். இடது கையை நீட்டினார்.

"இது உன் வீட்டுக்காரர் வண்டிப் பிளக்கும்மா. வெள்ளையா இருக்கு பாரு. புது சைலன்சர் மாட்டினா வண்டி கூடுதலாக் காத்து இழுக்கும். அதுக்குத் தக்க பெட்ரோலைக் கூட்டி வைக்கணும். வைக்கல. இந்த வண்டியில பெட்ரோலோடதான் ஆயிலும் உள்ள போவும். பெட்ரோல் பத்தலன்னா ஆயிலும் பத்தாது. மேட்டுல, மூட்டையோட, சூடேறி, பிஸ்டன் ஒட்டிக்கிடுச்சு. பின்சக்கரம் அப்படியே நின்னுட்டுது."

ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. அவர் தட்டைக் காட்டினார்.

"எண்ணெய் விடாத கல்லுல தோசை ஒட்டின மாதிரிம்மா."

அவள் தட்டைப் பார்த்தாள்.

"அப்ப தப்பு கல்லுலயா, மாவுலயா?"

"ஊத்தினவன்ட்ட."

"யாரு ஊத்தினது?"

"நான்தான்."

"பட்டறை என்னோடது" என்றாள் சகாயராணி, தலை நிமிராமல்.

ஜெசிந்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று தவமணி காத்திருந்தார். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். அவள் கேட்டது வேறு.

"அப்ப அவரு வேகமாப் போகல?"

"அந்த ஏத்தத்துல அந்த மூட்டையோட முப்பதுக்கு மேல ஏறாதும்மா. பின்னால வந்த லாரிக்கும் அதே வேகம்தான் இருந்திருக்கும்."

"இதை எங்க மாமனாருட்ட வந்து சொல்லுவீங்களா?"

"வாரேன்."

"அடிப்பாரு."

"அடிக்கட்டும்."

"சாயங்காலம் வாங்க. அண்ணன் தம்பி எல்லாரும் இருப்பாங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க." அவர் உள்ளங்கையிலிருந்து பிளக்கை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "உங்களை நான் மன்னிக்கல அண்ணாச்சி. அதுவும் தெரிஞ்சுக்கிடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மலைப்பக்கம் போகாமல், தோட்டத்து வரப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள்.

தவமணி கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். 

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்க."

"இனிமே நான் வண்டியில கை வைக்கலாமா?"

பட்டறை மூலையில் இன்னொரு வண்டி நின்றது. இளநீர் வியாபாரி ஒருவனுடையது. புது சைலன்சர். நேற்று ஜெட் மாற்றி வைத்திருந்தாள். நாளைக்கு விடியுமுன் வந்து எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் போவான்.

சகாயராணி ஆணியிலிருந்து அதன் சாவியை எடுத்தாள். பிளக் ஸ்பேனரையும் எடுத்தாள். இரண்டையும் அவர் முன்னால் டூல்பாக்ஸ் மேல், கருகிய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த வண்டி இன்னும் மேடு ஏறல அண்ணாச்சி" என்றாள்.