பூவலேரியின் சாக்கடைத் தீர்மானம்

விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. அங்கே முதலில் எட்டிப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பூவலேரி நகராட்சியானபோது மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. இனி ஊர்க் காரியத்தில் நாங்கள் தலையிட மாட்டோம், ஊரார் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும், ஆணையர் அதை நிறைவேற்ற வேண்டும் என்றது ஆணை. ஊர் வெடி போட்டுக் கொண்டாடியது. நகராட்சித் தலைவியாக வந்த முப்பிடாதிக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் காரியமே வில்லங்கமாக வந்து சேர்ந்தது. சந்தைக் கழிவு குடிநீர்க் கிணற்றில் கசிந்து, ஊருக்குள் மஞ்சள்காமாலை பரவியது. முப்பிடாதியின் மகள் பேச்சியம்மாளும் படுத்துவிட்டாள். கழிவை ஓடைக்குத் திருப்ப வாய்க்கால் வெட்டியாக வேண்டும். மேலத்தெரு வழியாகவும் வெட்டலாம், கீழத்தெரு வழியாகவும் வெட்டலாம். தன் வாசலில் சாக்கடை ஓட யார் சம்மதிப்பார்? கூட்டத்துக்குக் கூட்டம் நாற்காலி பறந்ததுதான் மிச்சம்.

சலித்துப்போன உறுப்பினர்கள் ஒருநாள் ஒரே மனதாகக் கை தூக்கினார்கள். சாக்கடை விஷயத்தில் ஆணையர் சொல்வதே முடிவு, மன்றம் இனி அதைப் பற்றி வாய் திறக்காது என்று தீர்மானம். வசவு விழுந்தால் அவர் தலையில் விழட்டும் என்ற நல்லெண்ணம்தான். முப்பிடாதியும் நிம்மதியாகக் கை தூக்கினாள்.

ஆணையர் ஹபீப் ரகுமான் வெளியூர்க்காரர். தீர்மானத்தைக் கேட்டுவிட்டு, "சரிங்கம்மா, நான் முடிவெடுத்துட்டேன்" என்றார். "மேலத்தெருவா, கீழத்தெருவான்னு மன்றம்தான் பேசி முடிவு பண்ணணும். இதுதான் என் முடிவு."

முப்பிடாதிக்குத் தலை சுற்றியது. மன்றம் பேசினால் தன் தீர்மானத்தை மீறுகிறது. பேசாவிட்டால் ஆணையர் முடிவை மீறுகிறது. அதுவும் அதே தீர்மானத்தை மீறுவதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. வீட்டுக்கு வந்தால் பேச்சியம்மாள் மஞ்சள் பூத்த கண்ணால் பார்க்கிறாள். பெற்ற வயிறு பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்து, மேலத்தெருவில் தன் வாசலிலேயே வெட்ட ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டு உறுப்பினர் மாடக்கண்ணு ஓடிவந்தார். "யாரக் கேட்டு வெட்டுதீய, தலைவரம்மா?"

"யாரக் கேக்கணும்னு தெரியாமத்தானே வெட்டுதேன்!" என்றாள். அழுகையும் வந்துவிட்டது.

மாடக்கண்ணு விடவில்லை. அன்றே மன்றம் கூடியது. தலைவி தன்னிச்சையாக நடந்தார் என்று மேலத்தெருக்காரர்கள் கத்த, வாய்க்காலுக்கு அதுதான் வழி என்று கீழத்தெருக்காரர்கள் கத்த, ஆணையர் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரத்தைக் கைமாற்றிய மன்றம், அதைத் திருப்பித் தந்த ஆணையர், யாரையும் கேட்காமல் கடப்பாரை எடுத்த முப்பிடாதி. இதில் யார் செய்தது சரி?

விடை: ஆணையர். 'கூடிப் பேசி' என்றது ஆணை. முடிவெடுக்கும் உரிமை ஊரார் நம்பிக் கொடுத்தது; அதை இன்னொருவருக்குத் தாரைவார்க்க மன்றத்துக்கு உரிமை கிடையாது. ஆகவே அந்தத் தீர்மானமே செல்லாது. அதை அவர் நேராகச் சொல்லியிருந்தால் பாவம், முப்பிடாதிக்குத் தலை சுற்றியிருக்காது. ஊருக்காகத் தனியாக முடிவெடுத்த முப்பிடாதி செய்ததும் தவறுதான். ஆனால் அவளைத் திட்டுவதற்காகக் கூடிய உறுப்பினர்கள் தங்களை அறியாமல் சாக்கடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆணையர் எழுந்து, "பேசியாச்சு, கை தூக்குங்க" என்றார். இரு பக்கமும் சமமாக நின்றபோது தலைவியின் கை மேலத்தெருவுக்காக உயர்ந்தது. மறுநாள் அவள் அதே குழியை, இந்த முறை ஊரைக் கேட்டு, வெட்டினாள்.