நீச்சல் வகுப்பு நின்றுபோன கோடை

நீர்மருதுக் காட்டில் செவ்வந்தி என்ற நீர்நாய் வாழ்ந்துவந்தது. காட்டின் நடுவே ஒரு ஆறு ஓடியது. ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஆழமான மடு ஒன்று இருந்தது. கோடையில் ஆறு முழுக்க மணலாகிப்போனாலும் அந்த மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்.

கோடை வந்தால் பெரிய விலங்குகளுக்கு ஓயாத அலைச்சல். பச்சைப் புல்லையும் பழத்தையும் தேடி, விடிந்ததும் மலையேறிவிடும். பொழுது சாயும்போதுதான் திரும்பும். அதுவரை குட்டிகளை யார் பார்த்துக்கொள்வது?

"என்கிட்ட விட்டுட்டுப் போங்க! நான் நீச்சல் சொல்லிக் குடுக்கறேன்," என்று செவ்வந்தி முன்வந்தது.

வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. நாற்பது நாளுக்கும் திட்டம் போட்டுவிட்டது. சின்னக் குட்டிகளுக்குக் கரையோரத்தில் கால் உதைக்கும் பழக்கம். கொஞ்சம் தேறியதும் மூச்சடக்கி முங்குவது. வளர்ந்த பிள்ளைகளுக்கு மடுவைக் குறுக்கே நீந்திக் கடக்கும் பந்தயம். ஒவ்வொரு தாயிடமும் போய் இதை வரிசையாகச் சொல்லிக் காட்டியது.

"செவ்வந்தி கெட்டிக்காரி!" என்று காடே மெச்சியது.

குட்டிகளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும்விட ஆவலோடு காத்திருந்தது அஞ்சலை என்ற இளம் குரங்கு. குட்டி என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். பெரியவள் என்றும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒரு வயது. மழைக்காலம் முழுக்கக் குட்டைகளில் நீந்திப் பழகியிருந்ததால், பந்தயத்தில் தானே ஜெயிப்போம் என்று நம்பியது. அஞ்சலை போகும் இடமெல்லாம் மினுக்கி என்ற மான்குட்டியும் பின்னாலேயே போகும்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் காலை. நாரை ஒன்று செவ்வந்தியின் வளைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது.

"செவ்வந்தி, கொஞ்சம் இப்படி வா! கீழ்ப்பக்கத்துக் குட்டை வத்திப்போச்சு. அங்க கிடந்த முதலை மணல்ல நகர்ந்து நகர்ந்து உன் மடுவுக்குள்ள இறங்கிட்டுது. என் கண்ணால பார்த்தேன்!"

செவ்வந்தி மடுவுக்கு ஓடியது. ஈரச் சேற்றில் அகலமாக ஒரு வயிறு இழுபட்ட தடம். இரண்டு பக்கமும் நகக் கீறல்கள். தடம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது, வெளியே வரவில்லை.

"பிள்ளைங்ககிட்ட உடனே சொல்லிடு," என்றது பின்னாலேயே பறந்துவந்த நாரை.

"எப்படிண்ணே சொல்றது? எவ்வளவு ஆசையா இருக்குதுங்க! அந்தத் தாய்மார் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? ரெண்டு நாள்ல முதலை வேற இடம் பார்த்துப் போயிடும். அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கறேன்."

"போகலைன்னா?"

செவ்வந்தி வளையைப் பார்க்க நடந்தது.

மறுநாள் குட்டிகள் எல்லாம் நாவல் மரத்தடியில் வந்து குவிந்தன. செவ்வந்தி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணுங்களா. தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்கு."

இரண்டாம் நாள், "மடு முழுக்க அட்டை!" என்றது. மூன்றாம் நாள், "எனக்குக் கால் சுளுக்கிக்கிச்சு," என்று நொண்டிக் காட்டியது.

வேறு எதுவும் செவ்வந்தி யோசித்து வைத்திருக்கவில்லை. குட்டிகள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தன. பன்றிக்குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்து அழவைத்தன. முயல்குட்டிகள் நிழலுக்காகச் சண்டை போட்டன. அஞ்சலை மட்டும் ஒரு கிளையில் உட்கார்ந்து செவ்வந்தியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை, காலையில இடது கால்ல நொண்டினீங்க. இப்ப வலது கால்ல நொண்டறீங்க!"

"எதிர்த்துப் பேசாதே! சொன்னா கேளு!" என்று செவ்வந்தி அதட்டியது. அஞ்சலை உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

செவ்வந்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொழுதுக்கும் நாலு தடவை மடுவை எட்டிப் பார்த்தது. நடுத்தண்ணீரில் இரண்டு கண்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

நான்காம் நாள் உச்சிவெயில் நேரம். குட்டிகள் கண்ணயர்ந்திருந்தன. செவ்வந்தி மெல்ல எழுந்து, ஆற்றின் மேற்பாறையில் நின்ற நாரையிடம் போனது.

"போயிடுச்சாண்ணே?"

"எங்கே போறது? வந்ததிலிருந்து அதுக்கு ஒரு இரை கிடைக்கலை. பசியில கிடக்கு. பிள்ளைங்களைத் தனியா விட்டுட்டா வந்தே?"

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. திரும்பி ஓடியது.

நாவல் மரத்தடி காலியாகக் கிடந்தது. காலில் முள் தைத்த ஒரு முயல்குட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் எங்கேடா?"

"சொல்லக் கூடாதுன்னு அஞ்சலை அக்கா சொல்லியிருக்கு," என்று முயல்குட்டி முனகியது. "அத்தை பொய் சொல்றாங்க, நாமளே பந்தயம் வச்சுக்கலாம்னு மடுவுக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு!"

செவ்வந்தி எப்படி ஓடியது என்று அதற்கே தெரியாது. சுடுமணல் காலைப் பொசுக்கியது. முட்செடிகள் முதுகைக் கிழித்தன. தூரத்தில் குட்டிகளின் ஆரவாரம் கேட்டது. 'கரையில்தான் நிற்கின்றன. இன்னும் இறங்கவில்லை. இறங்கியிருக்கக் கூடாது!'

ஆனால் இறங்கிவிட்டன. மடுவின் பாதித் தூரத்தில் அஞ்சலை நீந்திக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மினுக்கியின் சின்னத் தலை தண்ணீரில் ஆடியது. கரையில் நின்ற பன்றிக்குட்டிகள் துள்ளிக் குதித்துக் கத்திக்கொண்டிருந்தன.

"திரும்பி வா அஞ்சலை! முதலை! தண்ணிக்குள்ள முதலை!"

அஞ்சலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முந்தாநாள் அட்டை, இன்னைக்கு முதலையா?" என்று சிரித்தது. கரையில் நின்ற குட்டிகளும் சேர்ந்து சிரித்தன.

எதிர்க்கரையின் நிழலில் மரக்கட்டை போலக் கிடந்த ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்தது. தண்ணீர் இரண்டாகப் பிளந்து மினுக்கியை நோக்கி நீண்டது.

இனிக் கத்திப் பயனில்லை என்று செவ்வந்திக்குப் புரிந்தது. ஒரே பாய்ச்சலில் மடுவுக்குள் விழுந்தது. மினுக்கியிடம் போகவில்லை, நேரே முதலையின் மூக்குக்கு முன்னால் போய் எழுந்தது. வாலால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தது.

"இங்கே பாரு! என்னைப் பிடி!"

முதலை வாயைப் பிளந்தது. அப்போதுதான் அஞ்சலை அதைப் பார்த்தது. ஒரு கணம் அதன் கைகால் அசையவில்லை. மறுகணம் மினுக்கியின் பக்கம் திரும்பியது.

"என் வாலைக் கடிச்சுக்கோ! விடாதே!"

தண்ணீரின்மேல் தாழ்ந்து வளர்ந்திருந்த நீர்மருதுக் கிளையை அஞ்சலை எட்டிப் பிடித்தது. கிளை வளைந்தது. மினுக்கி வாலைக் கடித்துக்கொண்டு தொங்கியது. கையை மாற்றி மாற்றிக் கிளையைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அஞ்சலை கரைப்பக்கம் நகர்ந்தது. பன்றிக்குட்டிகள் ஓடிவந்து மினுக்கியின் காதைக் கவ்வி மேலே இழுத்துப் போட்டன.

மடுவில் செவ்வந்தி முங்கியது. முதலையும் முங்கியது. தண்ணீர் கலங்கிச் சேறாகியது. குட்டிகள் மூச்சுவிடவில்லை. ஒன்றும் மேலே வரவில்லை.

"அத்தை!" என்று அஞ்சலை அலறியது.

கரையோர நாணலுக்குள் ஏதோ அசைந்தது. செவ்வந்தி தவழ்ந்து வெளியே வந்தது. அதன் வால்நுனி இல்லை. ரத்தம் சொட்டியது.

எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். மினுக்கி நடுங்கிக்கொண்டே இருந்தது. அஞ்சலை செவ்வந்தியின் எதிரே வந்து நின்றது. அதன் கண்ணில் நீரும் கோபமும் சேர்ந்து நின்றன.

"முதல் நாளே சொல்லியிருந்தா நான் மினுக்கியைக் கூட்டிட்டுப் போயிருப்பேனா அத்தை?"

செவ்வந்திக்கு அதட்டத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டது.

"தப்பு என்னுடையதுதான். உங்க முகம் வாடிடுமேன்னு பயந்தேன். என் பேரு கெட்டுடுமேன்னும் பயந்தேன். அதான் பொய் சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."

அன்று மாலை மலையிலிருந்து இறங்கிவந்த தாய்மாரிடமும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. மினுக்கியின் தாய் வாய்க்கு வந்தபடி ஏசியது. செவ்வந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் நாவல் மரத்தடியில் அது குட்டிகளைச் சுற்றி உட்காரவைத்தது.

"மடு நமக்கு இல்லை. மழை வந்து ஆறு ஓடற வரைக்கும் முதலை போகாது. இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கு. எனக்கு நீச்சலைத் தவிர வேற எதுவும் தெரியாது. நீங்கதான் சொல்லணும், என்ன செய்யலாம்?"

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரியவர்கள் யாரும் அவற்றிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"தோண்டலாம்!" என்று ஒரு பன்றிக்குட்டி கத்தியது.

"எதைத் தோண்டறது?"

"ஆத்து மணலைத்தான்! ஆழமாத் தோண்டினா ஊத்து வரும்னு அம்மா சொல்லும். குடிக்கிற தண்ணிக்குக்கூட மடுவுக்குப் போக வேண்டாமே!"

செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டது. நாற்பது நாள் திட்டம் போட்ட மண்டையில் இது உதிக்கவில்லை!

அன்றே வேலை தொடங்கியது. பன்றிக்குட்டிகள் மணலைக் கிளறின. முயல்குட்டிகள் அதைப் பின்னங்காலால் தள்ளின. மற்ற பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து அஞ்சலை முறைவைத்து மரத்தில் காவல் இருந்தது. முதலை கரையேறினால் குரல் கொடுக்க வேண்டும். தன் முறை முடியும்வரை மடுவிலிருந்து கண் எடுக்கக் கூடாது. ஓய்ந்த நேரத்தில் சின்னவர்களுக்குத் தடம் பார்த்து விலங்கைச் சொல்லும் விளையாட்டும் கற்றுக்கொடுத்தது. அதில் முதல் பாடம் முதலையின் தடம்.

நாலு நாள் தோண்டியும் வெறும் மணல்தான். ஐந்தாம் நாள் குழியின் அடி கறுத்து ஈரமானது. ஆறாம் நாள் காலை, உள்ளங்கை அளவு தண்ணீர் தெளிந்து நின்றது. செவ்வந்தி குனிந்து நக்கிப் பார்த்துவிட்டு, "இனிக்குது!" என்றது. குட்டிகள் போட்ட கூச்சலில் நாவல் மரத்துப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. மழை வரும்வரை காட்டில் எந்த விலங்கும் தண்ணீருக்காக அந்த மடுவின் பக்கம் போகவில்லை.

போட்ட திட்டம் கைகூடாமல் போனால், சாக்குச் சொல்லி நாளைக் கடத்தாமல், பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அவர்களையும் கூட்டி யோசிப்பதே பெரியவர்களுக்கு அழகு.