தொண்ணூறு சதவீதக்காரன்

இந்த அநியாயத்தைக் கேளுங்கள். எங்கள் மாவட்டக் கூடைப்பந்து அணியில் நெட்டையருக்கு ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்குப் போட்டி, எங்கள் சங்க அணியில் ஒரே இடத்தில் மாறி மாறி ஆடும் இரண்டு பேர். ஒருவன் லாரி செட்டில் மூட்டை தூக்கும் மாயழகு. இன்னொருவன் சங்கச் செயலாளர் ராஜமாணிக்கத்தின் அக்கா மகன் தருண்.

ஸ்கோர் எழுதும் தவமணியைக் கமிட்டிக் கூட்டத்துக்கே வரவழைத்தார் செயலாளர்.

“வளையத்துக்குக் கீழ நின்னு மாயழகு நாற்பது தடவை போட்டு இருபத்திரண்டுதான் விழுந்திருக்கு. எங்க தருண் இருபதுக்குப் பதினெட்டு. தொண்ணூறு சதவீதம்! தருண்தான் கெட்டின்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா நாளையிலேர்ந்து ஸ்கோர் எழுத வேற ஆளு.”

தவமணி பேனாவைத் திறந்தாள். எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

“கூடவே ஒரு வரி சேர்த்திருக்கேன் சார். இவ்வளவு கெட்டிக்காரரைக் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்தான் இறக்குறோம். நாளைக்கு ஃபைனல்ல முதல் நிமிஷத்திலேயே இறக்கணும்னு.”

“பேஷ்!” என்று மேஜையைத் தட்டினார் செயலாளர்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தருண் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான்.

“ஐயோ மாமா! முதல் நிமிஷமா? எதிர் டீம் நெட்டையன் உள்ள நிப்பானே! மாயழகு மோதி மோதி, அவனுக்கு அஞ்சு ஃபவுல் ஆக்கி வெளியே அனுப்பின பிறகுதானே நான் போவேன்? ஆளில்லாத வளையத்துலதானே இத்தனையும் போட்டேன்!”

கமிட்டித் தலைவர் தூக்கிய டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

தவமணி மறுபடியும் பேனாவைத் திறந்தாள்.

“சார், என் கையெழுத்துக்கு மேல கொஞ்சம் இடம் இருக்கு. இதையும் எழுதிடட்டுமா?”