ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பிய கல்லூரி

கரடிக்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு முள்ளம்பன்றியும் ஓர் ஆமையும் கூட்டாகக் கிழங்குக் கடை வைத்திருந்தார்கள். முள்ளம்பன்றியின் பெயர் பூவரசி. ஆமையின் பெயர் தாண்டவன். ஆமைக்குப் போய் அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, குறும்புக்காரர்கள்!

பூவரசி தோண்டுவாள். தாண்டவன் விற்பார். கடை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், அடுக்கி வைத்த கிழங்கில் பாதிக்கு மேல் அழுகிவிடும். தை மாதம் கரடியும் குரங்கும் வந்து கேட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது. அவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

"அண்ணே, இந்த வருஷமும் இப்படியே போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்!" என்றாள் பூவரசி. "நான் போய் எம்.பி.ஏ. படிச்சுட்டு வரேன். ஐப்பசிக்குள்ள இதுக்கு ஒரு வழி தெரிஞ்சுகிட்டு வந்துடுவேன்."

"தாராளமாப் போய்ட்டு வாம்மா. அதுவரைக்கும் நானே தோண்டிக்கிறேன்."

தாண்டவன் தோண்டுவதா! ஒரு கிழங்கை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனாலும் மனசாரச் சொன்னார்.

காட்டில் எம்.பி.ஏ. ஆறே மாதப் படிப்பு. அதை இரண்டு இடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று, மலை உச்சியில் நரியார் நடத்திய கல்லூரி. மற்றொன்று, ஏரிச் சேற்றில் எருமை நடத்திய கல்லூரி.

எந்தக் கல்லூரி உசத்தி என்று வருடா வருடம் மரங்கொத்தி ஒரு பட்டியல் போடும். அதற்கு அது கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபம். எந்தக் கல்லூரி அதிகம் பேரைத் திருப்பி அனுப்புகிறதோ, அதற்கே முதலிடம்! நரியார் கல்லூரி ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியது. எருமையோ கேட்டு வந்த யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதனால் பட்டியலில் கடைசி.

"முடிவு பண்றதுக்கு முன்னாடி எருமை டீச்சரை ஒரு நடை பார்த்துட்டு வாயேன்," என்றார் தாண்டவன்.

"எருமைகிட்டயா? அண்ணே, சின்ன வயசுல எங்கம்மா என்னைத் திட்டினதே, 'படிக்கலைன்னா எருமை மேய்க்கத்தான் போவே'ன்னுதான். இப்ப படிக்கறதுக்கே எருமைகிட்ட போனா சொந்தக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?"

தாண்டவன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பேச்சை வளர்க்க விரும்பாதபோது அவர் அப்படித்தான் செய்வார்.

சித்திரையில் நரியார் கல்லூரி வாசலில் ஆயிரத்து ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆறில் பூவரசியும் ஒருத்தி!

சொந்தக்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. தேக்கு இலைகளைத் தைத்துப் பெரிய பேனர் கட்டினார்கள். 'எங்கள் குலவிளக்கு பூவரசிக்கு வாழ்த்துகள்!' அதில் பூவரசியின் படத்தைவிடப் பெரியப்பாவின் படம் பெரிதாக இருந்தது.

கல்லூரிக்குள் நுழைந்த பூவரசி மலைத்துப் போனாள். எவ்வளவு பெரிய மண்டபம்! நாற்பத்தாறு கல் இருக்கைகள். உட்கார்ந்திருந்தது ஆறு பேர்.

முதல் நாளே அவள் எழுந்து கேட்டாள். "சார், மழைக்காலத்துல எங்க கடைக் கிழங்கு அழுகிப் போகுது. அதுக்கு என்ன பண்ணலாம்?"

"அருமையான கேள்வி!" என்று நரியார் வாலால் தட்டிக்கொடுத்தார். "அடுத்த வாரம் பார்க்கலாம்."

அடுத்த வாரம் வந்தது. வாலை எப்படி உயர்த்திப் பிடித்து நடப்பது என்று பாடம் நடந்தது. அதற்கடுத்த வாரம், வாசலில் நிற்பவரிடம் இல்லை என்று இனிமையாகச் சொல்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். ஆறு பேரும் கோரஸாகச் சொல்லிப் பழகினார்கள்.

"உங்க திறமை எங்களுக்குப் புரியுது. இந்த வருஷம் இடம் இல்லை. வாழ்த்துகள்!"

வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி என்று மாதங்கள் ஓடின. பூவரசி வாரா வாரம் கிழங்கைப் பற்றிக் கேட்டாள். நரியார் வாரா வாரம் அருமையான கேள்வி என்றார்.

புரட்டாசியில் நரியார் ஆளுக்கு ஒரு கட்டு இலை கொடுத்தார். "அடுத்த சேர்க்கை வருது. ஒவ்வொருத்தரும் நூறு பேருக்கு அழைப்பு எழுதணும். 'உங்களைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம், அவசியம் வாருங்கள்'னு எழுதுங்க!"

பூவரசி எழுதினாள். அத்தை மகன், சித்தி மகள், பழைய வகுப்புத் தோழர்கள், ஒரு தடவை அவளைக் கடித்து வைத்த பக்கத்துப் புதர்க்காரன் என்று தொண்ணூற்றொன்பது பேர் ஆயிற்று. நூறாவதுக்கு ஆள் கிடைக்கவில்லை. நரியார் பின்னால் வந்து நின்றார். 'சும்மா எண்ணிக்கைக்குத்தானே' என்று நினைத்து, பூவரசி தாண்டவனின் பெயரை எழுதிப் போட்டாள்.

சேர்க்கை நாளன்று வாசலில் நிற்க வேண்டியது பூவரசியின் முறை. வரிசை மலையடிவாரம் வரை நீண்டிருந்தது. அவளும் காலையிலிருந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க திறமை எங்களுக்குப் புரியுது..." முயல் அழுதுகொண்டே போனது. கீரி முறைத்துவிட்டுப் போனது. பிற்பகலில் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"உங்க திறமை எங்களுக்குப்..."

"பூவு!"

நிமிர்ந்து பார்த்தாள். தாண்டவன்! ஓடெல்லாம் புழுதி. முன்காலில் ஒரு கீறல். வாயில் அந்த அழைப்பு இலை.

"அண்ணே! நீங்க எப்படி இங்க?"

"நீதானே கூப்பிட்டிருந்தே!" தாண்டவன் இலையைப் பத்திரமாகக் கீழே வைத்தார். "என்னைப் போன்றவங்களைத்தான் தேடறீங்கன்னு எழுதியிருந்தியே. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. கடையைச் சாத்திட்டுக் கிளம்பிட்டேன். ஏறி வர பதினோரு நாளாச்சு."

பூவரசி அந்த இலையைப் பார்த்தாள். அவள் எழுதியதேதான்.

தாண்டவன் அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "இடம் இல்லையா? பரவால்லம்மா. நீயே சொல்லிடு. வேற யாராவது சொன்னா மனசு கஷ்டப்படும். நீ சொன்னா ஒண்ணும் தெரியாது."

பூவரசி திரும்பி நரியாரிடம் ஓடினாள். "சார், உள்ள நாப்பது இடம் காலியா இருக்கு! இவரைச் சேர்த்துக்கலாமே!"

"உனக்கென்ன பைத்தியமா?" நரியார் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் காலியா இருக்கறதாலதான் இங்க இவ்வளவு கூட்டம்! எல்லாரையும் உள்ள விட்டுட்டா நமக்கு என்ன மதிப்பு?"

"அப்ப இந்த ஆறு மாசமா எனக்கு என்னதான் சொல்லிக்குடுத்தீங்க?"

"முதலிடத்துல படிச்சேன்னு சொல்லிக்கலாமே! அது போதாதா?"

பூவரசியின் உடம்பில் இருந்த அத்தனை முள்ளும் சிலிர்த்து நின்றது. நரியார் நான்கு அடி தள்ளிப் போனார்.

"சார், உங்க திறமை எனக்குப் புரியுது. எனக்கு இந்த இடம் வேண்டாம். வாழ்த்துகள்!" என்று சொல்லிவிட்டு அவள் வாசலைத் தாண்டி நடந்தாள்.

இறக்கத்தில் தாண்டவன் ஓட்டோடு சறுக்கிக்கொண்டே வந்ததால் வேகமாக இறங்கினார்கள். பூவரசி வழியெல்லாம் அழுதாள். "என் மேலதான் தப்பு, அண்ணே. எண்ணிக்கைக்காக உங்க பேரை எழுதிட்டேன். மன்னிச்சுடுங்க."

"எழுதினது தப்புதான்," என்றார் தாண்டவன். "ஆனா நீ கூப்பிட்டியேங்கற சந்தோஷத்துலயே பதினோரு நாள் நடந்தேனே, அது எனக்கு மிச்சம். கண்ணைத் தொடச்சுக்க. அங்க பாரு, மேகம் கட்டுது."

பூவரசி பார்த்தாள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. கிழங்குக்கு வழியும் தெரியவில்லை.

அடிவாரத்தில் ஏரி. சேற்றுக்குள் எருமை டீச்சர் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தார். சுற்றிலும் நான்கே மாணவர்கள்: ஒரு பெருச்சாளி, ஓர் உடும்பு, இரண்டு நாரைகள். பூவரசி கரையில் தயங்கி நின்றாள். தாண்டவன் அவளை மெதுவாக முட்டித் தள்ளினார்.

"டீச்சர், மழைக்காலத்துல எங்க கிழங்கெல்லாம் அழுகிப் போகுது. என்ன பண்றது?"

எருமை நெடுநேரம் அசை போட்டார். பிறகு, "எனக்குத் தெரியாதேம்மா," என்றார்.

பூவரசி தாண்டவனைத் திரும்பிப் பார்த்தாள்.

எருமை சேற்றிலிருந்து எழுந்தார். "எந்திரிங்கடா எல்லாரும்! கடையைப் போய்ப் பார்ப்போம்."

முழு வகுப்பும் சேறு சொட்டச் சொட்டக் குளத்தங்கரைக்கு வந்தது. கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். கிழங்கு விளையும் நிலத்தையும் போய்ப் பார்த்தார்கள்.

"மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் ஏன் தோண்டி எடுத்துடறே?" என்று கேட்டார் எருமை.

"கடை நிறைஞ்சு தெரியணும்ல டீச்சர்! வர்றவங்க அசந்து போக வேண்டாமா?"

சொல்லி முடித்ததும் பூவரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நரியார் பேசுவதுபோல் இருந்தது அவளுக்கே.

பெருச்சாளி மண்ணை முகர்ந்து பார்த்தது. "பள்ளத்துல தண்ணி நிக்கும். ஆனா மேட்டுல நிக்காது. நான் மேட்டுல குடியிருக்கறவன், எனக்குத் தெரியும். பள்ளத்துக் கிழங்கை இப்பத் தோண்டி மழைக்கு முன்னாடி வித்துடுங்க. மேட்டுக் கிழங்கு மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும். யாராவது கேட்டா அப்பப்பத் தோண்டிக் குடுங்க!"

"அட!" என்றாள் பூவரசி. "அட, அட!" என்றார் தாண்டவன்.

எட்டு நாள் எல்லோரும் சேர்ந்து பள்ளத்தைத் தோண்டினார்கள். எருமை டீச்சரும் கொம்பால் மண்ணைக் கிளறிக் கொடுத்தார். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அதற்குள் பள்ளத்துக் கிழங்கெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.

தை மாதம் கரடி வந்தது. கடையில் ஒன்றையும் காணாமல் திரும்பிப் போகப் பார்த்தது. "போயிடாதீங்க, இதோ!" என்று பூவரசி மேட்டுக்கு ஓடி, மண் மணக்க ஒரு கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வருடம் யாரும் வெறுமனே திரும்பிப் போகவில்லை.

சித்திரையில் பூவரசி எருமை டீச்சரிடம் முறையாகச் சேர்ந்தாள். தாண்டவனும் சேர்ந்தார். ஒரு வரி எழுத அவருக்கு அரை நாள் ஆகும். முழு வகுப்பும் அசை போட்டுக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கும். எங்கே படிக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், காடே கேட்கும்படி பூவரசி சொல்வாள்: "எருமைகிட்ட!"

நீதி: படிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை பேரை வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்காதீர்கள், உள்ளே வந்தவருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.